87 பெயர்கள்

6 அக்டோபர் 2025, திங்கள்

வேறொரு குழு பார்த்துவந்த குபெர்னெட்டிஸ் கிளஸ்டர் (பல கணினிகளைச் சேர்த்து மென்பொருள்களை ஓட்டும் அமைப்பு) இன்று முதல் எங்கள் பொறுப்பு. அதை அமைத்தவர்கள் யாரும் இப்போது வேலையில் இல்லை. ஒப்படைத்த குறிப்பு ஒன்றரைப் பக்கம்தான். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு நேம்ஸ்பேஸில் (கிளஸ்டருக்குள் தனி அறை மாதிரி) 'கெட் ஆல்' கட்டளையை அடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல ஒண்ணுமே இல்ல. தூக்கிடலாமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். 'ஆல்' என்ற பெயரை நம்பவே கூடாது. பாட், சர்வீஸ், டிப்ளாய்மென்ட் என்று சில வகைப் பொருள்களைத்தான் அது காட்டும். ரகசியத் தகவல் வைக்கும் சீக்ரெட்டும் அமைப்புத் தகவல் வைக்கும் கான்ஃபிக்மேப்பும்கூட அதில் வராது. கஸ்டம் ரிசோர்ஸ், அதாவது வெளியிலிருந்து சேர்த்த வகைப் பொருள் என்றால், அந்த வகையை எழுதியவர் 'ஆல்' பிரிவில் சேர்த்திருந்தால்தான் கண்ணில் படும். பெரும்பாலோர் சேர்ப்பதில்லை.

அப்படி வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரையறை உண்டு, அதுதான் சிஆர்டி. அப்புறம் 'கெட் சிஆர்டி' அடித்தோம். திரை நிற்காமல் ஓடியது. எண்ணிப் பார்த்தால் 87 வரிகள்.

7 அக்டோபர், செவ்வாய்

சிங்கப்பூர் சாங்கி பிசினஸ் பார்க்கில் மதியம் வரை மழை. தே ஓ (பாலில்லாத தேநீர்) வாங்கிவைத்துக்கொண்டு 87 பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தேன்.

ஒரு வரியில் இரண்டே தகவல்தான் இருக்கும்: பெயர், உருவான நேரம். பெயரில் முதல் புள்ளிக்கு முன்னால் இருப்பது பொருளின் பன்மைப் பெயர், பின்னால் வருவது அந்த வகை சேர்ந்திருக்கும் ஏபிஐ குழுவின் பெயர். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களைக் கவனிக்கும் செர்ட்-மேனேஜரின் ஆறு வகைகளும் நெட்வொர்க்குக்கான புரொஜெக்ட்காலிகோவின் நீண்ட வரிசையும் உடனே பிடிபட்டன. 'மானிட்டரிங் டாட் கோர்ஓஎஸ் டாட் காம்' என்று முடிபவற்றைப் பார்த்துத் தம்பி குழம்பினார். கோர்ஓஎஸ் கம்பெனியை 2018-இல் ரெட் ஹாட் வாங்கிவிட்டது, ஆனால் கண்காணிப்புக்கான புரோமிதியஸ் ஆப்பரேட்டரின் (ஆப்பரேட்டர் என்பது சில வகைப் பொருள்களைக் கவனித்து அவற்றின் வேலையைச் செய்யும் புரோகிராம்) வகைகள் இன்றும் அந்தப் பெயரைத்தான் சுமக்கின்றன. குழுவின் பெயரை மாற்றினால் ஊரிலுள்ள ஒவ்வொரு கிளஸ்டரிலும் எழுதிவைத்த ஃபைல்கள் உடையும். யார் துணிவார்கள்?

உருவான நேரத்தை வைத்து வரிசைப்படுத்தியதும் பாதி மர்மம் விலகியது. ஓரிரு நொடி இடைவெளியில் பிறந்தவை பெரும்பாலும் ஒரே ஆப்பரேட்டரோடு வந்தவை. பெயர் விளங்காத நான்கு வகைகளுக்கு அப்படித்தான் வீடு கண்டுபிடித்தேன்.

9 அக்டோபர், வியாழன்

தம்பியின் கணக்கில் 'கெட் சிஆர்டி' ஓடவில்லை, 'ஃபர்பிடன்' என்று வந்தது. சிஆர்டி எந்த நேம்ஸ்பேஸுக்கும் உரியதல்ல, கிளஸ்டர் முழுவதற்கும் பொது. அதைப் பார்க்க அந்த அளவில் அனுமதி வேண்டும். ஆனால் 'ஏபிஐ-ரிசோர்சஸ்' கட்டளை அவருக்கும் ஓடியது. என்னென்ன வகைகள் உண்டு என்று சர்வரிடம் கேட்கும் உரிமை, உள்ளே வந்த எல்லோருக்கும் வழக்கமாகவே உண்டு.

அதில் உள்ளூர் வகைகளும் வந்தேறியவையும் கலந்துதான் வரும். 'கே8எஸ் டாட் ஐஓ' என்று முடிந்தால் உள்ளூர் என்று தம்பி பிரித்துவைத்தார். அந்தக் கணிப்பு தவறும். கேட்வே ஏபிஐ-யும் வால்யூம் ஸ்னாப்ஷாட்டும் அப்படித்தான் முடியும், ஆனால் இரண்டும் சிஆர்டியாகத்தான் வருகின்றன. மெட்ரிக்ஸ் குழுவோ உள்ளூரும் அல்ல, சிஆர்டியும் அல்ல. தனி சர்வர் ஒன்று அதற்குப் பின்னால் நின்று பதில் சொல்கிறது. அதனால் அது இந்தப் பட்டியலில் வரும், 'கெட் சிஆர்டி'யில் வராது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முழுசாகத் தெரியும்.

11 அக்டோபர், சனி

தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள். சிராங்கூன் சாலையில் விளக்கலங்காரம், தேக்காவில் நடக்க இடமில்லை. முறுக்கு வாங்க வரிசையில் நின்றபோது பழைய வேலையிடத்து ஞாபகம் வந்தது. செர்ட்-மேனேஜரைப் புதிதாக நிறுவுவதற்காக அங்கே ஒருவர் ஆறு சிஆர்டியையும் அழித்துவிட்டார். சிஆர்டியை அழித்தால் அந்த வகையில் இருக்கும் எல்லாப் பொருளும் கூடவே போய்விடும். அன்று ஒன்றும் உடையவில்லை, ஏனென்றால் சான்றிதழ்கள் சீக்ரெட்டில் பத்திரமாக இருந்தன. கையால் எழுதிய சர்டிஃபிகேட் பொருள்கள்தான் திரும்ப வரவில்லை. அப்போது லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். புதுப்பிக்க ஆளில்லாமல் சில வாரம் கழித்து ஒரு விடுமுறை நாளில் தளம் படுத்தது. காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மணி நேரம் பிடித்தது.

13 அக்டோபர், திங்கள்

இன்றுதான் உண்மையான வேலை. 87 வகைகளையும் ஒரு லூப்பில் போட்டு, எல்லா நேம்ஸ்பேஸிலும் ஒவ்வொன்றிலும் எத்தனை பொருள் இருக்கிறது என்று எண்ணினோம். 31 வகைகளில் பூஜ்யம்.

பூஜ்யம் என்றதும் அழிக்கக் கை நீண்டது. ஆனால் செர்ட்-மேனேஜரின் 'சேலஞ்ச்' வகையும் அதில் இருந்தது. டொமைன் நம்முடையதுதானா என்று சோதிக்கும் சில நிமிடங்கள் மட்டுமே அந்தப் பொருள் உயிரோடு இருக்கும், முடிந்ததும் மறைந்துவிடும். அதனால் அந்த வகைக்கு ஆப்பரேட்டர் இன்னும் ஓடுகிறதா என்றும் பார்த்தோம். ஆப்பரேட்டரே இல்லாதவை 12.

அப்புறம் தம்பி தன் 'காலி' நேம்ஸ்பேஸைத் தேடினார். அதில் இரண்டு புரோமிதியஸ்ரூல் இருந்தன. திறந்து பார்த்தோம். ஒன்று, பணம் செலுத்தும் சேவை ஐந்து நிமிடம் பதில் சொல்லாவிட்டால் இரவுப் பணியில் இருப்பவரை எழுப்பும் விதி. நேம்ஸ்பேஸைத் தூக்கியிருந்தால் அதுவும் போயிருக்கும், எங்கும் சிவப்பு விளக்கு எரிந்திருக்காது. தம்பி வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதி வெச்சிக்கிறேன் அக்கா," என்றார்.

16 அக்டோபர், வியாழன்

12 வகைகளின் வரையறையையும் யாமல் என்ற உரை ஃபைலாக எடுத்துவைத்துவிட்டுப் பத்தை அழித்தோம். எல்லாம் சட்டென்று போயின. பொருள் மிச்சமிருந்த இன்னொரு வகைக்கும் ஆப்பரேட்டர் இல்லை. அதில் இருந்த ஒரே பொருளை அழித்தால் அழியாமல் அப்படியே தொங்கியது. யாமலைத் திறந்தால் ஒரு ஃபைனலைசர் வரி, துப்புரவு முடியும்வரை பொருளை அழியவிடாத பூட்டு. அதை எடுக்க வேண்டிய ஆப்பரேட்டரை யாரோ முன்பே நீக்கிவிட்டிருக்கிறார்கள். பொருள் முதலில், ஆப்பரேட்டர் அதற்குப் பிறகு என்று போயிருக்க வேண்டும். அந்தப் பொருள் கிளஸ்டருக்கு வெளியே எதையும் பிடித்துவைத்திருக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே அந்த வரியைக் கையால் நீக்கினேன். பொருள் போனதும் அந்த வகையையும் அழித்தேன்.

இப்போது பட்டியலில் 76. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆப்பரேட்டர் பெயரும் பொறுப்பாளர் பெயரும் எழுதியாகிவிட்டது. அழிக்காமல் விட்ட இரண்டுக்கு மட்டும் ஆள் தெரியவில்லை. தீபாவளி முடிந்து செவ்வாய்க்கிழமை பில்லிங் குழுவிடம் கேட்க வேண்டும்.