சுவர்க்கோழி முடியும் சிங்கப்பூர் ஈரமும்

சுவர்க்கோழியின் பின்புறத்தில் இரண்டு வால்கொம்புகள். அவற்றில் நூற்றுக்கணக்கான நுண்முடிகள், மிக நீளமானது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். பாய வரும் சிலந்தி தள்ளும் காற்றை வைத்தே பூச்சி தப்பிவிடுகிறது. இந்த முடியைப் போலக் காற்றசைவை உணரும் சென்சாரை, ஒளி பட்டால் இறுகும் எஸ்யு-8 பாலிமரில் சில்லின் மேல் செய்ய வருபவர்கள் தடிமனைத்தான் முதலில் கேட்கிறார்கள். நீளத்தை அல்லவா கேட்க வேண்டும்!

சில்லின் பரப்பை ஒட்டிய காற்று அசையாது. 100 ஹெர்ட்ஸ் அதிர்வில் அந்த மந்தப் படலம் 0.22 மி.மீ., 10 ஹெர்ட்ஸில் 0.7 மி.மீ. முடி அதைத் தாண்ட வேண்டும்; 800 மைக்ரான் (0.8 மி.மீ.) சரி. (தண்ணீருக்குள் 100 ஹெர்ட்ஸில் படலம் 0.06 மி.மீ.தான், மீனின் உணர்முடிகளைப் பார்த்துச் செய்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.) தடிமனைக் கூட்டினால் காற்றின் இழுவை சொற்பமே கூடும், சுழல் நிலைமமோ விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். 30 மைக்ரான் விட்டமுள்ள முடி 200 ஹெர்ட்ஸில் ஒத்ததிர, அடியிலுள்ள முறுக்கு ஸ்பிரிங்கின் விறைப்பு ஒரு ரேடியனுக்கு 2.3×10⁻¹⁰ நியூட்டன் மீட்டர் இருக்க வேண்டும். மிக மெத்தென்றது. பயந்து விறைப்பைக் கூட்டினால் உணர்திறன் போய்விடும்.

முடியைப் பூச்சுக்கு 400 மைக்ரானாக இரண்டு பூச்சில் எழுப்பலாம். சூடாக்குவது 65 டிகிரியில் தொடங்கி 95க்கு. ஆறவிடுவது மெதுவாக, அவசரப்பட்டால் விரிசல். 350 நானோமீட்டருக்குக் கீழான ஒளியை வடிகட்டாவிட்டால் மேல்பகுதி மட்டும் அதிகம் இறுகி, முடி காளான் குடையாகும். கழுவிய ஐசோப்ரொப்பனாலை நைட்ரஜன் ஊதி உலர்த்தாதீர்கள். பரப்பு இழுவிசையில் முடிகள் நனைந்த தலைமுடிபோல் ஒன்றோடொன்று ஒட்டும். பரப்பு இழுவிசை எழாமல் உலர்த்தும் கார்பன் டையாக்சைடு கிரிட்டிக்கல் பாயின்ட் டிரையர்தான் வழி.

இவ்வளவும் தேறிய சில்லு சிங்கப்பூரில் சாவது பெரும்பாலும் லேப் வாசலில்தான். உள்ளே 21 டிகிரி. வெளியே பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24ஐ ஒட்டியே இருக்கும். பெட்டியைத் திறந்த கணமே சில்லில் நீர் படிகிறது. முடி நிற்கும் சவ்வுக்கும் அதன் அடியிலுள்ள மின்முனைக்கும் நடுவிலுள்ள ஒரு மைக்ரான் இடைவெளியில் அது புகுந்தால், காய்ந்த பிறகும் சவ்வு அடியோடு ஒட்டிக்கொள்ளும். ஈரம் தடுக்கும் பாரிலீன் என்ற பாலிமரைப் பூசலாம், ஆனால் ஸ்பிரிங் விறைக்கும். சிலிக்கா ஜெல்லோடு மூடிய பையில் கொண்டுபோய், வெளிச்சூட்டுக்கு வந்த பிறகே திறவுங்கள்.

அளவீட்டில் இன்னொரு கண்ணி. 94 டெசிபல், அதாவது 1 பாஸ்கல், என்றால் காற்றின் வேகம் நொடிக்கு 2.4 மி.மீ. என்பது தள அலைக்கு, அதாவது மூலத்திலிருந்து தள்ளி ஏறக்குறைய தட்டையாக வரும் ஒலி அலைக்குத்தான். ஸ்பீக்கருக்கு மிக அருகில் வேகம் அதைவிடப் பல மடங்கு. மைக் காட்டும் எண்ணை நம்பினால் சென்சார் அதிசயமாகத் தெரியும். ஏர்கான் துவாரத்தையும் மூடுங்கள். நொடிக்கு 10 செ.மீ. காற்றோட்டமே அந்த 1 பாஸ்கல் வேகத்தைப்போல் 40 மடங்கு.