பொன்னையாவின் முதல் 16 மேட்ச்: சக டிபென்ஸ்காரர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது

சிமியுலேஷன் ஐஸ் ஹொக்கி லீக் ஒன்றில் நான் வளர்க்கும் ஆட்டக்காரன் பெயர் பொன்னையா. இடது பக்க டிபென்ஸ். இந்த சீசன்தான் அவனுக்கு முதலாவது. 16 மேட்ச் முடிந்திருக்கிறது: 1 கோல், 4 அசிஸ்ட் (மற்றவர் கோலுக்குக் கொடுத்த பாஸ்), மொத்தம் 5 பொயின்ட், பிளஸ்-மைனஸில், அதாவது அவன் ஐஸில் நின்றபோது அணி அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழிக்கிற கணக்கில், மைனஸ் 4. பட்டியலில் அவன் பெயரைக் கண்டுபிடிக்க கீழே வெகுதூரம் இறங்க வேண்டும். ஆனாலும் அவன் நன்றாகத்தான் ஆடுகிறான். அப்படிச் சொல்ல என்னிடம் கணக்கு இருக்கிறது, அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த லீக்கில் ஆளுக்கொரு ஆட்டக்காரனை உருவாக்குவோம். கிடைக்கிற புள்ளிகளைப் பாஸ், ஷொட், வேகம், தடுப்பு என்று பிரித்துப் போடுவோம். மேட்சை ஆடுவது கம்ப்யூட்டர். கனடாவில் இரவு 9 மணிக்கு ஓட்டினால் இங்கே ஹட்டனில் காலை 6.30. வேலைக்குப் புறப்படும் முன்பே முடிவு வந்துவிடும். மழைக்காலத்தில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும், ஆனால் ஸ்கோர் பக்கம் வெறும் எழுத்தும் எண்ணும் என்பதால் எப்படியோ திறந்துவிடுகிறது.

நம் பக்கம் ஹொக்கி என்றால் மாத்தளைதான், அதுவும் தரையில் ஆடுகிற ஹொக்கி. அக்கா மகன் அங்கே ஸ்கூல் டீமில் ஆடுகிறான். போன வாரம் வந்தவன் பட்டியலைப் பார்த்துவிட்டு, “மாமா, ஒரே ஒரு கோல்தானா?” என்றான்.

“அவன் டிபென்ஸ்டா. உங்க டீம் புல் பேக்க கோலை எண்ணியா பாப்பீங்க?”

“இல்ல மாமா, எத்தன பந்த நிறுத்துனான்னுதான் பாப்போம்.”

அவ்வளவுதான் விஷயம். முன்வரிசைக்காரர்களோடு சேர்த்துப் பார்த்தால் எந்த டிபென்ஸ்காரனும் மெலிந்துதான் தெரிவான். அதனால் எக்ஸெலில் முதலில் மற்ற எல்லோரையும் தூக்கிவிட்டு, இவனோடு இதே சீசனில் அறிமுகமான டிபென்ஸ்காரர்களை மட்டும் வைத்துக்கொண்டேன். அந்தப் பட்டியலிலும் பொன்னையா கீழேதான். முதலிடத்தில் இருப்பவன் இதே 16 மேட்சில் 9 பொயின்ட் எடுத்திருக்கிறான்.

சரி, யார் எவ்வளவு நேரம் ஐஸில் நின்றார்கள்? ஐஸ் ஹொக்கியில் ஒரு மேட்ச் 60 நிமிடம். கோலியை, அதாவது கோல் காப்பவரை, தவிர யாரும் முழுநேரம் நிற்பதில்லை, ஒரு நிமிடத்துக்குள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பொன்னையாவுக்கு மேட்சுக்கு 15 நிமிடம் கிடைக்கிறது, முதலிடக்காரனுக்கு 22 நிமிடத்துக்கு மேல். அரைநாள் கொழுந்து எடுத்தவரையும் முழுநாள் எடுத்தவரையும் மடுவத்தில் ஒரே தராசில் நிறுத்து, யார் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியுமா?

60 நிமிடத்துக்கு எத்தனை பொயின்ட் என்று மாற்றினால் இவனுக்கு 1.25, அவனுக்கு 1.5. இடைவெளி பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது. அப்புறம் இன்னொன்று. அவனுடைய 9 பொயின்டில் 5 பவர் ப்ளேயில் வந்தவை. எதிரணியில் ஒருவர் பெனல்டியில் உட்கார்ந்திருக்கும்போது ஐந்து பேர் நான்கு பேரை எதிர்த்து ஆடுகிற நேரம் அது. பொன்னையாவுக்கு அந்த வாய்ப்பு ஒரு நிமிடம்கூட இல்லை. மாறாக, நம் ஆள் வெளியே உட்காரும்போது தடுக்கப் போகிற நால்வரில் இவன் ஒருவன். இரு அணியும் சம ஆளோடு ஆடும் நேரத்தை மட்டும் எடுத்தால் இவன் 1.5, அவன் 0.8 கூட இல்லை.

இந்த இடத்தில் துள்ளிக் குதிக்கத் தோன்றும். நான் அதற்கு மேலும் கொஞ்சம் தோண்டினேன். சம ஆட்டத்தில் பொன்னையா ஐஸில் நின்றபோது எங்கள் அணி அடித்தது 8 கோல். அதில் 5இல் இவன் கை இருக்கிறது. ஒரு டிபென்ஸ்காரனுக்கு இது மிக அதிகம், சீசன் போகப் போகக் குறையும் என்றே நினைக்கிறேன். 4 அசிஸ்டில் 2 இரண்டாம் அசிஸ்ட், அதாவது கோலுக்கு முந்திய பாஸுக்கும் முந்திய பாஸ். அது தொடர்ந்து விழும் என்று நம்பி எதையும் முடிவுசெய்ய முடியாது.

மறுபக்கம், அந்த மைனஸ் 4 இவன் தலையில் கட்ட வேண்டியதல்ல. இவன் நின்ற நேரத்தில் எங்கள் ஷொட் 98, எதிரணி ஷொட் 96. ஏறக்குறைய சரிசமம். ஆனால் எங்களுக்கு 8 கோல், அவர்களுக்கு 12. எங்கள் கோலி 100க்கு 87.5 தான் தடுத்திருக்கிறார். வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல்லிலேயே இப்போது சராசரி 90 பக்கம் இருக்கிறது. அடித்த சதவீதத்தையும் தடுத்த சதவீதத்தையும் கூட்டினால் லீக் முழுவதற்கும் 100 வர வேண்டும். இவனுக்கு வருவது 95.7. இவ்வளவு கீழே யாரும் நெடுநாள் கிடப்பதில்லை.

ஷொட்டைத் தடுத்த கணக்கில் சக டிபென்ஸ்காரர்களுக்குள் பொன்னையா முன்னால் நிற்கிறான். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக், அதாவது இதில் பந்துக்குப் பதிலாக வரும் ரப்பர் தட்டு, எதிரணியிடம் இருந்தால்தானே தடுக்கவே முடியும்? பெனல்டி நேரத்தில் நிற்கிறவனுக்கு இந்த எண் தானாகவே ஏறும்.

நிஜ ஆட்டத்தில் என்.எச்.எல் டிபென்ஸ்காரர் விக்டர் ஹெட்மனை நினைத்துக்கொள்கிறேன். 2009இல் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தெரிவுசெய்தபோது இரண்டாவது ஆளாகத் தெரிவானவர், முதல் சீசனில் 74 மேட்சில் 20 பொயின்ட். 2016-17இல் 72 பொயின்ட், 2018இல் சிறந்த டிபென்ஸ்காரருக்கான நொரிஸ் விருது. இன்னொரு டிபென்ஸ்காரர் லேன் ஹட்சன் இதற்கு நேர்மாறு: 2024-25இல் முதல் முழு சீசனிலேயே 66 பொயின்ட். ஆனால் அவருடைய அணியான மொன்ட்ரியால் அவரைப் பவர் ப்ளேயில் நடுநாயகமாக நிறுத்தியது. பொறுப்பைப் பார்க்காமல் பொயின்டை மட்டும் பார்த்தால் இருவரையுமே தவறாகத்தான் மதிப்பிடுவோம்.

இதுவரை சேர்த்த புள்ளிகளை ஷொட்டில் போடாமல் பாஸிலும், பக்கைக் கையாளுவதிலும் போட்டுவிட்டேன். டிபென்ஸ்காரன் தூரத்திலிருந்து அடிக்கிறான், எத்தனை பலமாக அடித்தாலும் 100க்கு ஐந்தாறுதான் உள்ளே போகும். சொந்தப் பகுதியிலிருந்து சுத்தமாக வெளியே எடுத்துக் கொடுத்தால் ஷொட் கணக்கே நம் பக்கம் சாயும். அணியை நடத்துகிறவருக்கும் இந்தக் கணக்கை அனுப்பி, இரண்டாவது பவர் ப்ளே ஐவரில் ஓர் இடம் கேட்டேன். “அடுத்த நான்கு மேட்சுக்குப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் தடுப்பு வேலையையும் விடக்கூடாது” என்று பதில் வந்திருக்கிறது. நேரம் 17 நிமிடத்தைத் தாண்டினால் எக்ஸெலில் பவர் ப்ளேக்குத் தனி நிரல் போட்டுக்கொண்டு மறுபடி எழுதுகிறேன்.