சுத்தியலை எடுப்பதற்கு முன்னால்: எங்கள் படுக்கையறை சீலிங் வேலை

மலேசியாவில், ஜெலுத்தோங்கில் நாங்கள் இருக்கும் வரிசை வீடு 1970களில் கட்டியது. கட்டிலுக்கு மேலே சீலிங்கில் ஒரு பழுப்புக் கறை, ஒவ்வொரு அக்டோபர் மழைக்கும் கொஞ்சம் பெரிதாகும். போன வருடம் பொறுமை போய், சுத்தியலோடு ஏணியில் ஏறிவிட்டேன். தச்சு வேலை செய்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜன்னல் வழியே பார்த்து, "தம்பி, இறங்குப்பா. பழைய சீட், அஸ்பெஸ்டாஸா இருக்கும், உடைக்காதே" என்றார். அவருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவன். என் நான்கு வயது மகள் அந்த அறையில்தான் தூங்குகிறாள்.

சிமெண்டில் அஸ்பெஸ்டாஸ் நார் கலந்த தட்டைச் சீட்டைத்தான் அந்தக் காலத்தில் பரவலாகப் போட்டார்கள். உடையாமல் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. உடைத்தால், துளைத்தால், தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் மிதந்து நுரையீரலில் போய்த் தங்கும், புற்றுநோயாகத் தலைகாட்ட 20, 30 வருடம்கூட ஆகும். பார்த்தே சொல்ல முடியாது என்பதால் ஒரு துண்டை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். அஸ்பெஸ்டாஸ்தான். இறக்கும் வேலையை மட்டும் அதில் பயிற்சி பெற்ற ஆட்களிடம் விட்டேன். தண்ணீர் தெளித்து, ஈரமாகவே முழுசு முழுசாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுபோனார்கள். தயவுசெய்து இந்த இடத்தில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மற்றதெல்லாம் நானும் மனைவியும்தான். முதலில் கூரை: முகட்டு ஓட்டுக்கு அடியில் சிமெண்ட் வெடித்திருந்தது, அதைப் பூசினோம். கரையான் தின்ற இரண்டு கட்டைகளை மாற்றினோம். அப்புறம் 10க்கு 12 அடி அறைக்கு, 4க்கு 8 அடியில் 9 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டு (இரு பக்கமும் காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகை) ஐந்து வாங்கினோம். கணக்குப்படி நான்கு போதும், ஆனால் வெட்டும்போது வீணாகும். ஒரு போர்டு ஏறக்குறைய 20 கிலோ, தூக்கிப் பிடித்துக்கொண்டே திருகாணி முடுக்கவெல்லாம் முடியாது. அறை உயரத்தைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக, டி வடிவில் இரண்டு மரக்கால் அடித்தோம். மனைவி அதை முட்டுக் கொடுத்துப் பிடிக்க, நான் முடுக்கினேன். திருகாணித் தலை, போர்டின் காகிதத்தைக் கிழிக்காமல் லேசாக அமுங்க வேண்டும், கிழிந்தால் பிடிப்பு போச்சு, பக்கத்தில் இன்னொன்று போடத்தான் வேண்டும்.

போர்டு இணைப்புகளில் டேப் ஒட்டி, அதற்கான பூச்சுக் கலவையை மூன்று தடவை பூசினேன். நம் ஊர் ஈரக்காற்றில் ஒவ்வொரு பூச்சும் காய இரண்டு நாள் பிடித்தது; அவசரப்பட்டுத் தேய்த்த ஒரு மூலையில் விரிசல் விட்டு, மறுபடி பூசினேன். சாயம் அடித்த பிறகு கடைசியாகக் காற்றாடி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, போர்டில் இல்லாமல் மேலே உள்ள உத்திரத்திலேயே கொக்கியை மாட்டினோம்.