முன்சக்கரத்தோடு வங்கிக்குப் போன கதை

இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த மருத்துவர், தினமும் அரை மணி நேரமாவது உடம்பை அசைத்தே ஆகவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், நாற்பத்தெட்டாவது வயதில் நான் மறுபடியும் சைக்கிள் வாங்கினேன். கடையில் இருந்தவற்றுள் லட்சணமாகத் தெரிந்த ஒன்றை 18,000 ரூபாய் கொடுத்து வாங்கி, தெருவுக்குக் கொண்டுவந்து, மனைவிக்குப் படம் எடுத்து அனுப்பலாம் என்று நிறுத்தப் போனபோதுதான் அதற்கு ஸ்டாண்ட் இல்லை என்பதே தெரிந்தது. ஸ்டாண்ட் மட்டுமல்ல; கேரியர், மட்கார்டு, பெல், பின்சக்கரத்தோடு சேர்ந்த பூட்டு என்று என் தந்தையாரின் சைக்கிளில் இருந்த எதுவுமே அதில் இல்லை. "இந்த மாடலுக்கெல்லாம் ஸ்டாண்ட் வராது சார், வெயிட் ஏறிடும்" என்றார் கடைக்காரர். என் எடை 86 கிலோ. அதற்குக் கீழே கால் கிலோ ஸ்டாண்ட் ஒன்று சேர்ந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை.

இப்படியாக, தானாக நிற்கத் தெரியாத ஒரு வண்டியை வைத்துக்கொண்டு சென்னையில் சுற்ற ஆரம்பித்தேன். ஓட்டுவதில் நான் பயந்த அளவுக்குச் சிரமம் இல்லை. இறங்கிய பிறகுதான் வில்லங்கம் எல்லாம்.

முதல் வில்லங்கம் ஒரு வணிக வளாகத்தின் நுழைவாயிலில் நேர்ந்தது. சீட்டு தரும் இயந்திரத்தின் பொத்தானை நான்கு முறை அழுத்தியும் அது என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. தரைக்கடியில் கம்பிச்சுருள் பதித்திருக்கிறார்கள் என்றும், மேலே போதுமான உலோகம் வந்து நின்றால்தான் இயந்திரத்துக்கு வண்டி வந்திருப்பது உறைக்கும் என்றும், என் அலுமினியச் சைக்கிள் அந்தக் கணக்கில் வராது என்றும் காவலாளி விளக்கினார். "கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார், புல்லட் ஏதாவது வரும், அவர் பின்னாடியே உள்ள போயிடுங்க" என்று யோசனையும் சொன்னார். அதன்படியே ஒரு புல்லட்டுக்குப் பின்னால், கல்யாண ஊர்வலத்தில் நுழையும் அழையா விருந்தாளியைப் போல நுழைந்தேன். உள்ளே கட்டணப் பலகையில் காருக்கு ஒரு விலை, இரு சக்கர வாகனத்துக்கு ஒரு விலை என்று எழுதியிருந்தது. சைக்கிளுக்கும் இரண்டு சக்கரம்தானே என்று நான் வாதாடிப் பார்த்தேன். மேற்பார்வையாளர் என் சைக்கிளை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்துவிட்டு, நம்பர் பிளேட் இல்லாத வண்டியைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். கடைசியில் ஜெனரேட்டருக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவில் இடம் ஒதுக்கினார்கள். காசு வாங்கவில்லை. காசு வாங்காததால், கவனித்துக்கொள்ளும் பொறுப்பும் யாருக்கும் இல்லை.

ஆகவே, என் கணக்கு இருக்கும் வங்கியின் கிளை புதுக் கட்டடத்துக்கு மாறி, அதன் வாசலில் 'மிதிவண்டி நிறுத்துமிடம்' என்ற பலகையையும் அதன் கீழே பளபளக்கும் எவர்சில்வர் தாங்கி ஒன்றையும் கண்டபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிறைவு இரண்டு நிமிடம் நீடித்தது. அது சக்கரத்தைச் செருகும் வகைத் தாங்கி. வரிசையாகச் சிறிய வளைவுகள் இருக்கும். முன்சக்கரத்தின் கீழ்ப்பகுதியை ஏதாவதொரு வளைவுக்குள் நுழைத்துவிட வேண்டும். மீதிச் சைக்கிள் முழுவதும் அந்தச் சக்கரத்தை நம்பியே நிற்கும். பக்கத்தில் போகிற ஒருவரின் பை உரசினாலும் சைக்கிள் சாயும். சாய்கிற பாரம் முழுவதும் சக்கரத்தின் ரிம்மில் இறங்கும். ரிம் அப்பளமாக வளையும். ஆங்கிலேயர்கள் இவ்வகைத் தாங்கிக்குச் 'சக்கர வளைப்பான்' என்றே செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய சங்கடம் பூட்டுவதில் இருந்தது. சைக்கிளின் சட்டத்தை, அதாவது ஃபிரேமைப் பூட்ட என் சங்கிலி எட்டவில்லை. முன்சக்கரத்தை மட்டுமே பூட்ட முடிந்தது. என் சைக்கிளின் முன்சக்கரமோ ஒரு நெம்புகோலைத் திருப்பினால் கழன்றுவிடும் வகையைச் சேர்ந்தது. அதாவது, திருடன் வந்தால் சக்கரத்தை எனக்கு விட்டுவிட்டு 17,000 ரூபாய்ச் சொத்தை எடுத்துக்கொண்டு போகலாம்.

சற்று நேரம் யோசித்துவிட்டு, சைக்கிளைத் திருப்பிப் பின்சக்கரத்தைத் தாங்கிக்குள் செருகி, அதையும் சட்டத்தையும் சேர்த்துப் பூட்டினேன். இப்போது முன்சக்கரம் அனாதையாக நின்றது. நானே நெம்புகோலைத் திருப்பி அதைக் கழற்றி, கையில் எடுத்துக்கொண்டு வங்கிக்குள் போனேன்.

டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். சக்கரத்தை மடியில் வைத்தால் சட்டையில் கறை படிந்தது. தரையில் வைத்தால் மெல்ல உருண்டு நகைக் கடன் பகுதியை நோக்கிப் போனது. பக்கத்தில் ஓய்வூதியத்துக்காகக் காத்திருந்த பெரியவர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பஞ்சரா தம்பி?" என்று கேட்டார்.

"இல்லீங்க ஐயா, பாதுகாப்புக்காகத்தான்."

"ஓ, லாக்கர்ல வைக்கவா?" என்றார். கேலியா, அக்கறையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வேலை முடிந்து வெளியே வந்தால் என் சைக்கிளைச் சுற்றி ஐந்தாறு பேர் கூடியிருந்தார்கள். மண்டியிட்ட மாட்டைப் போலக் குப்புறச் சாய்ந்திருந்த அதைப் பார்த்து, பட்டப்பகலில் எவனோ சக்கரத்தைக் கழற்றிப் போய்விட்டான் என்று பூக்கார அம்மா ஒருவர் எல்லோருக்கும் விவரித்துக்கொண்டிருந்தார். அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த சக்கரத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்து மற்ற ஐந்து பேரும் பார்த்தார்கள். நான் விளக்க முயன்றேன். என் சைக்கிளின் சக்கரத்தை நானே கழற்றி வங்கிக்குள் கொண்டுபோனேன் என்ற உண்மை, சொல்லும்போது எனக்கே நம்பும்படியாக இல்லை. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து காட்டிய பிறகுதான் கூட்டம் கலைந்தது. அப்போதும் பூக்கார அம்மாவின் முகத்தில் முழுத் தெளிவு வரவில்லை.

இத்தனைக்கும் அந்த எவர்சில்வர் வேலைப்பாட்டுக்கு ஆன செலவில் பாதி கூடத் தேவைப்பட்டிருக்காது. 'ப' என்ற எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல் வளைத்த இரும்புக் குழாய், இடுப்புக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் உயரத்தில், கான்கிரீட்டில் உறுதியாகப் பதிந்திருந்தால் போதும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சைக்கிளைச் சாய்க்கலாம். சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்தே பூட்டலாம். ஸ்டாண்ட் இல்லாத என் வண்டியும் கௌரவமாக நிற்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தின் பெயரால் வழங்கும் இந்தத் தாங்கியை ஒரு மீட்டர் இடைவெளியில் நட்டால், ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்துச் சைக்கிள் அடங்கும். சுவரை முட்டிக்கொண்டு நட்டுவிடக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. அதையும் நம்மவர்கள் மீறி நான் பார்த்திருக்கிறேன்.

தாங்கியே இல்லாமல் நடந்த நல்ல நிறுத்துமிடம் ஒன்றும் எனக்குத் தெரியும். தொண்ணூறுகளில் மயிலாடுதுறை சந்திப்பில் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கும்பகோணம் கல்லூரிக்கு ரயிலில் போய்வந்த காலத்தில், தகரக் கூரை போட்ட ஸ்டாண்டில் ஓர் அண்ணன் இருந்தார். ஒரு தகர டோக்கனை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, அதே எண் பொறித்த இன்னொன்றை நம் கையில் கொடுப்பார். காற்றுகூடப் புகமுடியாத நெருக்கத்தில் அவர் அடுக்கிவைத்த வரிசையிலிருந்து, கேட்ட சைக்கிளை அவரால் மட்டுமே உருவ முடியும். ஒருநாள் மாலை அவர் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், பொறுமை இல்லாமல் நானே என் சைக்கிளை இழுத்தேன். என் பிரேக் கம்பி அடுத்த சைக்கிளின் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தது. அது சாய்ந்தது, அது அடுத்ததைச் சாய்த்தது, ஏறத்தாழ நாற்பது சைக்கிள்களும் ஒன்றன்மேல் ஒன்றாக, அவசரமே இல்லாமல், மணியடித்துக்கொண்டு விழுந்தன. கடைசிச் சைக்கிள் விழுந்து முடிவதற்குள் ஓடிவிட எனக்குத் தாராளமாக நேரம் இருந்தது. ஆனால் என் சைக்கிள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. திரும்பிவந்த அண்ணன் ஒன்றும் திட்டவில்லை. "தம்பி, டோக்கனைக் கொடுத்துட்டு அப்படி நகந்து நில்லு" என்று மட்டும் சொன்னார். அந்தத் தொனியைவிட நாலு திட்டு மேல்.

அலுவலக வேலையாக 2022இல் நெதர்லாந்து போனபோது உட்ரெக்ட் ரயில் நிலையத்தின் சைக்கிள் நிறுத்தத்தைப் பார்த்தேன். 2019இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அதில் மூன்று தளங்களில் 12,500க்கும் மேற்பட்ட சைக்கிள்கள் நிற்கலாம்; இறங்காமல் ஓட்டிக்கொண்டே உள்ளே போகலாம்; எந்த வரிசையில் இடம் காலி என்று விளக்குப் பலகை சொல்லும்; முதல் 24 மணி நேரம் இலவசம். நண்பர் இரவல் கொடுத்த கறுப்புச் சைக்கிளை அங்கே நிறுத்திவிட்டு, மெய்மறந்து மேலே போய்விட்டேன். திரும்பி வந்தபோதுதான், அந்த நாட்டில் பாதிச் சைக்கிள்கள் கறுப்பு என்பதும், வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளவில்லை என்பதும் ஒருசேரத் தெரிந்தன. நம் அரசுப் பள்ளிகளில் விலையில்லாச் சைக்கிள் வாங்கும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள், ஒரே நிறத்தில் நூறு நிற்கும் வரிசையில் தம்முடையதை அடையாளம் காண ரிப்பன் கட்டிவைப்பதன் அருமை அன்று எனக்குப் புரிந்தது. முக்கால் மணி நேரம் தேடினேன். மயிலாடுதுறை அண்ணனாக இருந்தால் டோக்கனைப் பார்த்து அரை நிமிடத்தில் உருவியிருப்பார்.

வங்கிச் சம்பவத்துக்குப் பிறகு, அலுவலகத்துக்கு எதிரே உள்ள டீக்கடையின் பந்தல் தூணில்தான் சைக்கிளைக் கட்டுகிறேன். தூண் உறுதியானது, சாய்க்க வசதியானது, பாய்லருக்கு முன்னால் நிற்கும் மாஸ்டரின் பார்வையிலேயே இருக்கிறது. நான் கேட்ட தகுதிகள் அத்தனையும் அதற்கு உண்டு. வாடகை என்று அவர் எதுவும் கேட்பதில்லை. ஆனால் சும்மா கட்டிவிட்டுப் போக மனம் வராததால், காலையில் பூட்டும்போது ஒரு டீயும் மாலையில் அவிழ்க்கும்போது ஒரு டீயும் குடித்துவிடுகிறேன். சர்க்கரை கம்மி என்று நான் சொல்லத்தான் செய்கிறேன். அவருக்கும் காது நன்றாகத்தான் கேட்கிறது. அடுத்த மாதம் மறுபடியும் இரத்தப் பரிசோதனை இருக்கிறது.