சிக்னல் 11: கையால் ஓட்டினால் ஓடுகிறது, கப்ஸ் ஓட்டினால் விழுகிறது

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு பக்கம் முழுமையாக வெளியே வந்தது. ஒன்பது நாளாக ஒரு சொட்டு மைகூடச் சிந்தாமல் நின்ற பிரிண்டர் அது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கறுப்பு வெள்ளைப் படங்களை மேட் தாளில் அச்சிடுவது என் பித்து. ஆறு வண்ண எப்சன் பிரிண்டர், டெபியன் லினக்ஸ், பிரிண்டரை ஓட்டும் ட்ரைவராகக் கூட்டன்பிரிண்ட். நிழல் பகுதிகள் திட்டுத்திட்டாக விழுவதைச் சரிசெய்ய மை அளவில் நானே கைவைக்க வேண்டும் என்று, கூட்டன்பிரிண்டின் 5.3 வரிசையின் புதிய மூலநிரலை இறக்கி, ஓடும் நிரலாகக் கம்பைல் செய்தேன். கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் எதுவும் முரண்டு பிடிக்கவில்லை. லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் வழியாக அச்சுக்கு அனுப்பியதும் வேலை நின்றது. லாக் அளவை டீபக்குக்கு உயர்த்திப் பார்த்தேன்: படத்தைப் பிரிண்டருக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் ராஸ்டர்-டு-கூட்டன்பிரிண்ட் ஃபில்டர், நினைவகத்தைத் தவறாகத் தொட்டால் வரும் சிக்னல் 11-இல் விழுந்திருந்தது.

இதுவரை எல்லோருக்கும் நடப்பதுதான். என்னை வாட்டியது அடுத்தது. கப்ஸ்ஃபில்டர் கட்டளையால் அதே படத்தைப் புள்ளிகளாலான ராஸ்டர் கோப்பாக்கி, பிரிண்டரை விவரிக்கும் பிபிடி கோப்பைச் சூழல் மாறியில் (நிரல் தொடங்கும்போது அதற்குக் கிடைக்கும் அமைப்பில்) கொடுத்து, அதே ஃபில்டரை டெர்மினலில் ஓட்டினேன். ஓடியது! பிழைதேடும் கருவியான ஜிடிபிக்குள் ஓட்டினேன், ஓடியது. மேம்படுத்தல் எதுவும் இல்லாமல், பிழைதேடும் தகவலுடன் மறுபடி கம்பைல் செய்தேன். நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்டும் குறை சொல்லவில்லை. கப்ஸ் கையில் கொடுத்தால் மட்டும் செத்து விழுகிறது. கப்ஸ் ஃபில்டரை ஓட்டும் எல்பி பயனருக்கு அனுமதி இல்லையோ என்று இரண்டு நாள் கோப்பு உரிமைகளைத் துழாவினேன். அது வீண்.

ஆறாம் நாள்தான், வெறுஞ்சூழலில் நிரலை ஓட்டும் 'என்வி -ஐ' கட்டளை நினைவுக்கு வந்தது. சூழல் மாறிகள் அத்தனையையும் துடைத்துவிட்டு, பிபிடி ஒன்றை மட்டும் கொடுத்து ஓட்டினால், என் டெர்மினலிலேயே விழுந்தது. அந்தப் பிழைச்செய்தியைப் பார்த்து அவ்வளவு மகிழ்ந்தேன். கையில் சிக்காத பிழையைவிடக் கண்முன் விழும் பிழை எவ்வளவோ மேல். அதே வெறுஞ்சூழலில் ஜிடிபியைத் திறந்து, ஃபில்டர் துணைக்கு ஏற்றிக்கொண்ட லைப்ரரிகளின் (பொது நிரல் தொகுப்புகளின்) பட்டியலைக் கேட்டேன். புதிய ஃபில்டருக்குள் டெபியன் தந்த பழைய லிப்கூட்டன்பிரிண்ட் உட்கார்ந்திருந்தது.

நடந்தது இதுதான். மேக் இன்ஸ்டால் லைப்ரரியை /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-இல் வைக்கிறது. ஃபில்டரை அங்கே வைப்பதில்லை. கப்ஸ்-கான்ஃபிக் காட்டும் இடத்தில், டெபியனின் ஃபில்டர் மேலேயே எழுதிவிடுகிறது. பழையது, புதியது இரண்டு லைப்ரரிக்கும் உள்பெயர் ஒன்றே, எஸ்ஓ.9. லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையை நான் ஓட்டாததால், நிரலுக்கு லைப்ரரியைத் தேடித்தரும் லோடரின் பட்டியலில் பழையது மட்டுமே இருந்தது. பெயர் பொருந்தியதும் அதையே எடுத்துக்கொண்டது. என் டெர்மினலில் ஓடியதற்குக் காரணம், வேறொரு வேலைக்காக எப்போதோ பாஷ்ஆர்சியில் (டெர்மினல் திறக்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பில்) எழுதிவைத்த, லைப்ரரியை முதலில் எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் எல்டி-லைப்ரரி-பாத் வரி. கணினியின் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி எழுப்பும் கப்ஸுக்கு அந்த வரி எப்படித் தெரியும்?

எல்டிகான்ஃபிக் ஒரே ஒரு முறை. பக்கம் வந்தது. பாஷ்ஆர்சி வரியையும் அப்போதே அழித்தேன். ஃபில்டரைச் சோதிக்கிறவர்கள் முதல் நாளே வெறுஞ்சூழலில் ஓட்டிப் பாருங்கள். ஜிடிபி அதற்குப் பிறகு போதும்.

தாள் பற்றி ஒரு வார்த்தை. வழக்கமாக வாங்கும் கடையில் இந்த முறை வந்த மேட் தாளின் பூச்சு மெலிதாக இருக்கிறது. விரலால் தேய்த்தாலே தெரிகிறது. பழைய தாள்கட்டில் பதினான்கு தாள்தான் மிச்சம். அவற்றைச் சோதனைக்குச் செலவழிக்க மனம் வரவில்லை. அடுத்த முறை பருத்தித் தாளில் பத்து மட்டும் வாங்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். மெஜந்தா, சயான் இடங்களில் சாம்பல் மை நிரப்பும் ஆசையும் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு பழைய பிரிண்டர் வேண்டும்.

சாம்பல் படிகள் இன்னும் சரியாகவில்லை. 21 படிச் சோதனைப் பட்டையை அடித்ததில், கடைசி நான்கு கறுப்பும் ஒன்றாகவே தெரிகின்றன. இன்றிரவு அடர்த்தியை 0.8-க்கு இறக்கிப் புதுத் தாளிலேயே அடிக்கப்போகிறேன்.