டிஜாக்சினும் பொட்டாசியமும்: இதய வார்டு நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்

இதயத்துடிப்பை மெதுவாக்கும் மருந்தான டிஜாக்சின் மாத்திரைக்கு முன் ஸ்டெதாஸ்கோப் கைக்கு வரவேண்டும். இடது மார்பில், காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே, ஐந்தாவது விலா இடைவெளியில் வைத்து இதயத்துடிப்பை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். மணிக்கட்டில் 15 விநாடி பார்த்து நாலால் பெருக்குவது இங்கே செல்லாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும் நிலை) பல துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேர்வதே இல்லை.

பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து டூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். நிறுத்திய காரணத்தையும் எண்ணிக்கையையும் சார்ட்டில் எழுதியே ஆகவேண்டும். கட்டம் காலியாக இருந்தால், அடுத்த ஷிஃப்டில் வருபவர் விட்டுப்போனது என்று நினைத்துக் கொடுத்துவிடுவார்.

வாரத்தில் 5 நாள் மட்டும் கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அப்படியானால் எந்த இரண்டு நாள் மாத்திரை இல்லை என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் கிழமை பெயரோடு எழுதிக் கொடுங்கள்.

மார்ச் 4, செவ்வாய்

டிஜாக்சின் நஞ்சாகும்போது முதலில் பசி போகும், குமட்டும். வயதானவர்கள் குழம்பிப் பேசுவார்கள். விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிவது பாடப்புத்தகத்தில் பிரபலம். ஆனால் வார்டில் அதற்காகக் காத்திருக்கக் கூடாது; “சாப்பாடு பிடிக்கலை” என்ற சொல்லே போதும், ஈசிஜி எடுங்கள்.

ரத்த மாதிரியை மருந்து கொடுத்து 6 மணி நேரமாவது கழிந்த பிறகே எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். இதயச் செயலிழப்பில் மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் போதும்.

அளவு சரியாக இருந்தும் நஞ்சாகலாம். இதயத்தசையில் டிஜாக்சினும் பொட்டாசியமும் ஒரே பம்ப்பில் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. பொட்டாசியம் குறைந்தால் டிஜாக்சின் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். அதனால் காலை ரிப்போர்ட்டில் முதலில் பொட்டாசியம், அடுத்தது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின். டிஜாக்சினை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகம்தான்.

மார்ச் 6, வியாழன்

பொட்டாசியத்தை இறக்குவது பெரும்பாலும் லேசிக்ஸ், அதாவது சிறுநீரைக் கூட்டும் மருந்து. ஊசியாக 40 மி.கி. என்றால் 1 முதல் 2 நிமிடம் எடுத்துப் போடுங்கள். பெரிய அளவை நிமிடத்துக்கு 4 மி.கி.க்கு மேல் ஓடவிடாதீர்கள். வேகம் கூடினால் காது இரையும், கேட்கும் திறனே போகலாம். இரண்டாவது டோஸ் மாலை 4 மணிக்குள் முடியட்டும். இருட்டில் கழிப்பறைக்கு எழுந்து விழுகிறவர்கள் அதிகம்.

உடலில் நீர் எவ்வளவு இறங்கியது என்று தெரிய, எடை தினமும் காலையில், சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன், அதே மெஷினில்.

மார்ச் 7, வெள்ளி

பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும்: ரத்தக்குழாயில் நேராகத் தள்ளவே கூடாது, இதயம் நின்றுவிடும். 15% கரைசலில் 10 மில்லி ஆம்பியூல் ஒன்றில் 20 மில்லி ஈக்விவலன்ட் (mEq, பொட்டாசியத்தை அளக்கும் அலகு) இருக்கிறது. 500 மில்லி சலைனில் கலந்து, சாதாரண வார்டில் மணிக்கு 10 mEq-க்கு மேல் போகாமல், அதாவது 2 மணி நேரமாவது ஓடவேண்டும். டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் இன்சுலின் தூண்டப்பட்டு, இருக்கிற பொட்டாசியமும் செல்லுக்குள் போய்விடும். தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் மருந்தைச் சேர்த்தால் அது அடியில் தங்கி மொத்தமாக இறங்கும். கழற்றி, பலமுறை தலைகீழாகப் புரட்டிக் கலந்த பிறகே மாட்டுங்கள்.

மூச்சுத்திணறலோடு வந்தவருக்கு 500 மில்லி திரவமே சுமை. விழுங்க முடிந்தால், அவசரம் இல்லையென்றால், பொட்டாசியம் சிரப்பே மேல்: சாப்பாட்டுக்குப் பின், தண்ணீரில் கலந்து. ஏற்றியும் ஏறவில்லையா? மக்னீசியம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ராமிப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் சேர்த்து எடுப்பவரிடம் எதிர்த்திசை ஆபத்து: பொட்டாசியம் ஏறிவிடும். பார்க்க வருபவர்கள் பொட்டாசியம் நிறைந்த இளநீரைக் கொண்டுவந்து கொடுக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மார்ச் 10, திங்கள்

துடிப்பை ஒழுங்காக்கும் மருந்தான அமியோடரோன் புதிதாக எழுதப்பட்டால் பழைய டிஜாக்சின் டோஸைப் பற்றி அன்றே டாக்டரிடம் கேளுங்கள். ரத்தத்தில் டிஜாக்சின் அளவை அது உயர்த்தும் என்பதால் வழக்கமாகப் பாதியாகக் குறைப்பார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் இருந்தால், உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆரும் ஏறும். இந்த உயர்வு மெதுவாக, வாரக்கணக்கில் வரும் என்பதால் டிஸ்சார்ஜுக்குப் பிறகும் வாரம் ஒருமுறை பரிசோதனைக்குத் தேதி குறித்தே அனுப்புங்கள்.