பாதி விரிசல் பழசு

செப்டம்பர் 28, ஞாயிறு

அக்காள் மகன் தன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து வீட்டு போர்ச்சில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். பினாங்கின் பிறை ஊரில் வேலை முடிந்து மழையில் வரும்போது வளைவில் சறுக்கிவிட்டது. ஆளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். மோட்டாருக்கு இடது பக்கம் முழுக்க அடி. கீழ்க் கவரில் தார் ரோடு உரசிய தடம். முன் கவரில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். அது தொடங்கும் இடத்தில் ஸ்குரூ மாட்டும் காது உடைந்து ரோட்டிலேயே விழுந்துவிட்டது. முன் மட்கார்டும் பிளந்திருக்கிறது.

“புது கவர் செட்டே போட்டுடலாமே மாமா” என்றான். போடலாம்தான். ஒரிஜினல் வாங்கினால் கையைக் கடிக்கும். காப்பி செட் மலிவு, ஆனால் ஸ்குரூ ஓட்டைகள் நேருக்கு நேர் நிற்காது. இழுத்துப் பிடித்து முடுக்கினால் ஓட்டையைச் சுற்றி மறுபடி விரியும். கையில் இருப்பது ஒரிஜினல், இதையே சரிசெய்வோம் என்று சொல்லிவிட்டேன்.

கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பளபளப்புக்காக அவன் தடவி வைத்திருக்கும் சிலிகான் பாலிஷ் போகாவிட்டால் பசையும் பிடிக்காது, பெயிண்டும் பிடிக்காது.

காய்ந்ததும் திருப்பிப் பார்த்தேன். கவர்களின் பின்னால் ஏபிஎஸ் என்றும் மட்கார்டில் பிபி என்றும் பிளாஸ்டிக் வகையின் பெயர் அச்சாகியிருக்கிறது. இந்த எழுத்தைப் பார்க்காமல் பசை டியூபைத் திறக்கவே கூடாது. ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும், அதனால் அதை அதனோடே சேர்த்துவிடலாம். பிபி, அதாவது பாலிபுரோப்பிலீன், அசிட்டோனைச் சட்டை செய்யாது. எழுத்து அழிந்துபோயிருந்தால் பின்பக்க ஓரத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுப் பாருங்கள். விரலில் பிசுபிசுத்தால் ஏபிஎஸ்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. விரிசலை லேசாக விரித்துப் பார்த்தால், காதிலிருந்து பாதி தூரம் வரை உள்விளிம்பில் அழுக்கும் எண்ணெயும் ஏறிப் பழுப்பாக இருக்கிறது. மீதிப் பாதி புத்தம் புதுசாக வெளுத்திருக்கிறது. அவன் விழுவதற்கு ரொம்ப நாள் முன்பே இது விரியத் தொடங்கிவிட்டது. ஏன் என்று பார்க்க வேண்டும்.

அக்டோபர் 1, புதன்

மோட்டார் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, குப்பையில் போட வைத்திருந்த உடைந்த கறுப்புக் கவர் ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். அதுவும் ஏபிஎஸ். கட்டரால் நகம் அளவுக்கு நறுக்கி, கண்ணாடி ஜாடியில் போட்டு, மூழ்கும்படி அசிட்டோன் ஊற்றி மூடிவிட்டேன். அசிட்டோன் பெயிண்ட் கடையில் வாங்கியது. நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்கும், இதற்கு ஆகாது.

எல்லாம் வெளியே போர்ச்சில்தான். அசிட்டோன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். சாயங்காலம் சாமி விளக்கு ஏற்றுகிற வீடு, அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 4, சனி

ஜாடியில் எல்லாம் கரைந்து தோசை மாவுப் பதத்துக்கு வந்துவிட்டது. இன்றைக்கு நிஜமான வேலை.

முதலில் விரிசல் முடிகிற முனையில் 3 மில்லிமீட்டர் துளை. கூரான முனையில்தான் இழுவிசை முழுவதும் குவிகிறது, அதனால்தான் விரிசல் மேலும் ஓடுகிறது. முனையை வட்டமாக்கிவிட்டால் அங்கேயே நின்றுவிடும். விரிசல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தைவிடக் கொஞ்சம் தள்ளித்தான் முடியும். விளக்குக்கு நேரே பிடித்து, லேசாக வளைத்துப் பார்த்துத்தான் அந்த இடத்தைக் குறித்தேன்.

முன்பக்கம் விளிம்புகளை மட்டமாகச் சேர்த்து அலுமினிய டேப் ஒட்டினேன். பின்பக்கம் விரிசல் நெடுக ‘வி’ வடிவில் பள்ளம் கீறினேன், கனத்தில் பாதிக்கு மேல். பள்ளத்தின் குறுக்கே துருப்பிடிக்காத கம்பி வலையை வைத்து, சோல்டரிங் அயனால் அழுத்தி உள்ளே இறக்கினேன். ஏபிஎஸ் 100 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினாலே இளகிவிடும், அயனோ 300-க்கு மேல் கொதிக்கிறது. தொட்டு, எடுத்து, தொட்டு, எடுத்து என்றுதான் போக வேண்டும். ஒரு விநாடி கூடினால் முன்பக்கப் பெயிண்டில் கொப்புளம் எழும். புகையும் நல்லதல்ல, பக்கத்தில் மின்விசிறி ஓடட்டும்.

வலை மேலே ஜாடிக் கரைசலை மெல்லிய படலமாகத் தடவினேன். ஒரேயடியாக அப்பினால் மேலே ஆடை கட்டி உள்ளே அசிட்டோன் மாட்டிக்கொள்ளும், காயக் காயச் சுருங்கும்.

காதுக்கு அச்சு வேண்டும். வலது பக்கம் இருக்கிற காது தட்டையானது, திருப்பினால் இடது பக்கத்துக்கும் பொருந்தும். பிளாஸ்டிசினை அதன்மேல் அழுத்தி அச்சு எடுத்து, உள்ளே சமையலறை அலுமினியத் தாள் விரித்து, கவரோடு சேர்த்துப் பிடித்து, நடுவில் ஒரு துண்டு வலையும் வைத்து ஊற்றினேன். மறுநாள் இன்னொரு படலம், அதற்கு மறுநாள் இன்னொன்று. கல் போல ஆக ஒரு வாரம் விடுவேன்.

சூப்பர் குளூவும் சோடா மாவும் போட்டால் ஒரு நிமிடத்தில் முடியுமே என்று தம்பி போனில் சொன்னான். கல்லாக இறுகும், உண்மைதான். ஆனால் அதில் நெகிழ்வே கிடையாது. மோட்டார் நாள் முழுக்க அதிரும் சாமான்.

அக்டோபர் 5, ஞாயிறு

மட்கார்டு. பிபி என்பதால் பற்றவைப்பதுதான் நல்ல வழி, அதற்கு அதே பிளாஸ்டிக்கில் குச்சி வேண்டும். நம் வீட்டில் தப்பாவ் (சாப்பாட்டுப் பார்சல்) டப்பாவுக்கா பஞ்சம்? அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பிபி. கறுப்பு டப்பா ஒன்றைக் கழுவி, பட்டை பட்டையாக வெட்டி, அயனால் உருக்கிப் பள்ளத்தில் நிரப்பினேன். அடிப் பிளாஸ்டிக்கும் சேர்ந்து உருகினால்தான் பிடிக்கும், மேலே வழிந்தால் மட்டும் போதாது. தழும்பு தெரிகிறது. மட்கார்டுக்குக் கீழே யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

உரசி வெளுத்திருந்த இடங்களில் ஹீட் கன்னை ஆட்டிக்கொண்டே காட்டினேன், கறுப்பு திரும்பி வந்தது. ஆழமான கீறல் அப்படியே இருக்கும், அதை விட்டுவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

காலையில் வெயில், மத்தியானம் மழை என்று பினாங்கு தன் அக்டோபர் வேலையைக் காட்டுகிறது. கீழ்க் கவரின் உரசல்களை 320 உப்புத்தாளில் தொடங்கி 600 வரை தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். விரல் நகம் மாட்டுகிற கீறலுக்கு மட்டும் பம்பர் புட்டி.

இந்த விஷயத்தில் மருமகனுக்கும் எனக்கும் ஒத்துவராது. அவனுக்கு முன்பக்கம் மின்ன வேண்டும். எனக்குக் காது நிற்க வேண்டும். உரசலோடு மோட்டார் பத்து வருஷம் ஓடும்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலை பத்து மணிக்குள் பிரைமர், பிறகு நீலம், பிறகு கிளியர், எல்லாம் மெல்லிய கோட்டாக. மழை ஈரத்தில் ஸ்பிரே அடித்தால், கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுக்கும், பால் ஊற்றியதுபோல வெளுத்துவிடும். மேகம் கூடியதும் டப்பாவைக் கீழே வைத்துவிட வேண்டும்.

ஹார்டனர் கலந்து அடிக்கிற டூ-கே கிளியர் வேண்டாம் என்றேன். அது பெட்ரோலுக்கும் தாங்கும், பளபளப்பும் அதிகம். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, சாதாரண முகக்கவசம் அதை நிறுத்தாது. வீட்டுப் போர்ச்சில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

பாதிக் கவரில் பெயிண்டை நிறுத்தினால் வெயிலில் வெளிறிய பழைய நீலம் காட்டிக்கொடுக்கும். மடிப்புக் கோடு வரை முழுசாக அடித்தேன்.

அக்டோபர் 18, சனி

நாளை மறுநாள் தீபாவளி, பையன் காலையிலேயே வந்து நின்றுவிட்டான். மாட்டும்போதுதான் அந்தப் பழுப்பு விரிசலுக்கு விடை கிடைத்தது. இடது காதுக்குள் இருக்க வேண்டிய ரப்பர் புஷ் இல்லை. முன்பு சர்வீஸ் செய்த கடையில் அதைத் தொலைத்துவிட்டு, தடித்த ஸ்குரூவை நேராகப் பிளாஸ்டிக்கிலேயே முடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். தினமும் வேலைக்குப் பினாங்குப் பாலத்தில் போய்வருகிறான். கடல் காற்றில் கவர் படபடக்க, ஸ்குரூ விளிம்பில் மோதி மோதி விரிசல் நடந்திருக்கிறது. விழுந்தது மீதியை முடித்துவைத்தது, அவ்வளவுதான்.

தவுக்கேயிடம் நாலு புஷ் வாங்கினேன், சில்லறைக் காசு. புஷ், உள்ளே உலோகக் காலர், ஸ்குரூ என்ற வரிசையில் கையால் முடுக்கி, கடைசியில் கால் திருப்பு மட்டும் ஸ்பேனர்.

பாலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “அந்தக் கடகட சத்தம் போயிடுச்சு மாமா” என்றான். இத்தனை நாள் அதை என்ஜின் சத்தம் என்று நினைத்திருக்கிறான்.

வலது பக்க புஷ்ஷும் காய்ந்து வெடித்திருந்தது. காதோரம் ஒரு முடி விரிசலும் ஆரம்பித்திருந்தது. அதற்கும் துளை போட்டு, பின்னால் வலை வைத்துக் கரைசல் தடவியாயிற்று. முன்பக்கம் ஒன்றும் தெரியவில்லை, பெயிண்டைத் தொடவில்லை.